பிள்ளை கேட்டு வந்தவர்

எங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டு யாரும் வந்ததில்லை. எங்களுக்கு ஒரே ஒரு மகன். ஆனால் ஒரு ஜனவரி மாதத்துச் சனிக்கிழமை மத்தியானம், பனி கொட்டிக்கொண்டிருந்தபோது, ஒருவர் பிள்ளை கேட்டு வந்தார்.

ரொறொன்ரோவின் கிழக்கே, ஸ்காபரோவின் மோர்னிங்சைட்டில் நாங்கள் அப்போது இருந்த ரவுன்ஹவுஸ் என்ற வரிசை வீட்டின் வாசலில் சப்பாத்தைத் தட்டித் தட்டிப் பனியை உதிர்த்துக்கொண்டு நின்றார். நரைத்த தலை, சிவந்த முகம், கையில் பெரிய ஐஸ் பெட்டி. அவருக்குப் பின்னால் பக்கத்துக் கட்டடத்தில் இருந்த ஜமேய்க்காக்காரப் பெண் நின்றாள். பஸ் தரிப்பில் அவளைக் கண்டிருக்கிறேன், தலையசைப்பதோடு சரி. வந்தவர் கனடாவின் கிழக்குக் கரையில், கடலோரச் சின்ன ஊரொன்றில் இருக்கும் பல்கலைக்கழகத்தின் ஃபுட்போல் கோச். அவளுடைய மகனை முன்பு கூட்டிப்போய் விளையாட வைத்துப் படிப்பித்தவர் அவர்தான். இப்போது எங்கள் மகனைக் கேட்டு வந்திருந்தார்.

இங்கே ஃபுட்போல் என்பது எங்கள் ஊரில் காலால் உதைத்து விளையாடும் பந்து இல்லை. மாங்காய் போல நீண்ட பந்து. தலைக்கவசம், தோளில் கவசம், ஒருவரை ஒருவர் முட்டித் தள்ளுகிற விளையாட்டு. மன்னாரிலிருந்து என் அண்ணன் போனில், "எத்தினை கோல் அடிச்சவன்?" என்று கேட்பார். மகன் அதை வைத்து என்னைப் பகிடி பண்ணுவான்.

"அம்மா, அதிலை நான் பந்தைத் தொட்டா பிழை. பந்து வைச்சிருக்கிறவனுக்கு முன்னாலை சுவர் மாதிரி நிக்கிறதுதான் என்ர வேலை."

சுவர் மாதிரித்தான் இருந்தான். பதினேழு வயதில் எங்கள் வீட்டுக் கதவுகளுக்குள் பக்கவாட்டில் திரும்பித்தான் வருவான். அவன் மேல்மாடியில் நடந்தால் கீழே கண்ணாடி அலுமாரிக்குள் கோப்பைகள் கிணுகிணுக்கும். என் பக்கத்திலோ என் கணவர் பக்கத்திலோ அப்படி ஓர் உடம்பு யாருக்கும் இருந்ததில்லை.

கோச் சோபாவில் இருந்தார். ஜமேய்க்காக்காரி என் பக்கத்தில் சாப்பாட்டுக் கதிரையில் இருந்தாள். ஐஸ் பெட்டியைத் திறந்தால் உள்ளே உயிரோடு சிங்க இறால். அதைக் கண்டதும் என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதி ஆள். தகப்பன் கடலுக்குப் போனவர். கோச்சின் தகப்பனும் அப்படித்தான் என்று பேச்சில் தெரிந்தது. பிறகு மகனைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. வலை எப்படி, கூடு எப்படி, எந்தக் காற்றுக்குப் படகு இறக்கமாட்டார்கள் என்று இரண்டு பேரும் கையால் காட்டிக் காட்டிப் பேசினார்கள்.

ஏன் இவ்வளவு தூரம் வந்து ஆள் பிடிக்கிறீர்கள் என்று நான்தான் கேட்டேன். தங்கள் பக்கத்தில் சனம் குறைவு, பள்ளிக்கூடம் குறைவு, வருடா வருடம் குழுவை நிரப்ப ஆள் காணாது என்றார். பல வருடங்களுக்கு முன்னர் ரொறொன்ரோவின் கிழக்குப் பக்கத்திலிருந்து ஒருவன் தற்செயலாக வந்தான். அவன் தன் பள்ளிக்கூடத்தில் சொன்னான். அடுத்த வருடம் இரண்டு பேர் வந்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஜனவரியும் விமானமேறி வந்து, வாடகைக் காரில் இந்தத் தெருக்களைச் சுற்றுவது அவருக்கு வழக்கமாகிவிட்டது. "நான் சொல்வதை யாரும் நம்ப வேண்டியதில்லை," என்றார் ஆங்கிலத்தில். "அதனால்தான் ஒரு தாயைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்."

அந்தத் தாய் என் பக்கம் திரும்பினாள். "இவர் சொன்னதைச் செய்கிற மனிதர். என் மகன் படித்து முடித்தான். கேட்க வேண்டியதை என்னிடம் கேள்."

எனக்கு ஒன்றுதான் கேட்கத் தோன்றியது. "குளிரா?"

"இங்கே இருக்கிற குளிர்தான். அங்கே அதோடு காற்றும் இருக்கும்."

அவர்கள் போன பிறகு என் கணவர் இறாலை உடைத்துக்கொண்டே சொன்னார், "கடல்பக்கத்து மனிசன். பொய் சொல்லுற முகமில்லை. போகட்டும்." நான் குழம்பை மிளகாய்த்தூள் தூக்கலாக வைத்தேன். மகன் மூன்று பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டான்.

செப்டெம்பரில் போனான். சனிக்கிழமைகளில் லப்டொப்பில் விளையாட்டைப் பார்ப்போம். கமரா பந்துக்குப் பின்னாலேயே ஓடும். எங்கள் பிள்ளையோ பந்தில்லாத பக்கம். ஒவ்வொரு தடவையும் தொடக்கத்தில் வரிசையாகக் குனிந்து நிற்கும்போது மட்டும் கண்டுகொள்வோம். பிறகு அவன் திரைக்கு வெளியே போய்விடுவான். கணவர் திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோய், "அந்தா, அந்தக் காலைப் பார், அது அவன்ர கால்," என்பார். ஒரு தடவையாவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் சொல்லிக்கொள்வோம். வேலை விடாது. நான் முதியோர் இல்லத்துச் சமையலறையில். அவர் லொறி ஓட்டுகிறார். அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று போனது.

மூன்றாம் வருடம் நத்தாருக்கு, கிறிஸ்மஸ் விடுமுறைக்கு, நாலு பெடியள் சேர்ந்து ஒரு வான் வண்டியில் ரொறொன்ரோவுக்கு வெளிக்கிட்டார்கள். எல்லோரும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள். மகனுக்குக் கால் நீளம் என்பதால் முன்சீற்றில் இருந்தான். நியூ பிரன்ஸ்விக் காட்டுப் பாதையில், இருட்டத் தொடங்குகிற நேரம், மூஸ் ஒன்று றோட்டைக் கடந்தது. மாட்டைவிடப் பெரிய காட்டுமான் அது. கால்கள் உயரம் என்பதால் காரில் மோதும்போது உடம்பு முழுவதும் கண்ணாடியில்தான் வந்து விழும். ஓட்டினவனுக்குக் கை முறிந்தது. பின்னால் இருந்தவர்களுக்குக் காயம். எங்கள் பிள்ளை அந்த இடத்திலேயே போய்விட்டான்.

செத்தவீட்டுக்குக் குழு முழுக்க வந்தது. கறுப்புக் கோட்டுகள் ஒருவருக்கும் தோளில் சேரவில்லை. பூசை முடிந்து வீட்டுக்கு வந்தவர்கள் சோபாவிலும் நிலத்திலும் படிக்கட்டிலும் இருந்து, கரண்டி கேட்காமல், சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிட்டார்கள். பெருவிரலால் தள்ளி வாயில் போடுகிற விதம்கூட அவனுடையதுதான். ஆட்கள் மாறி மாறி மேல்மாடிக்குப் போய்வந்தார்கள். அலுமாரிக்குள் கோப்பைகள் கிணுகிணுத்துக்கொண்டே இருந்தன. என் கணவர் எழும்பிப்போய் அலுமாரியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதற்கடுத்த ஜனவரியும் கோச் வந்தார். நாங்கள் கூப்பிடவில்லை. ஐஸ் பெட்டி கொண்டுவரவில்லை. என் கணவர் காரைக் கண்டதும் மேலே ஏறிப்போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். கோச் அதே சோபாவில், இந்த முறை நுனியில் இருந்தார்.

"உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்," என்றார். "இந்தத் தெருக்களுக்கு வராதே என்று நீங்கள் சொன்னால் நான் இனி வரமாட்டேன்."

அதைச் சொல்ல நான் யார் என்று மனதுக்குள் தமிழில் வந்தது. ஆங்கிலத்தில் அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. "சாப்பிட்டுவிட்டுப் போங்கள்," என்றேன். அவர் சாப்பிட்டார். அப்போது மேலே கணவர் கட்டிலிலிருந்து எழுந்து நடந்தார். கோச் சாப்பாட்டுக் கோப்பையில் கை வைத்தபடி முகட்டை அண்ணாந்து பார்த்தார். நானும் பார்த்தேன்.

"என்னுடைய கணவர்," என்றேன்.

"தெரியும்," என்றார். ஆனாலும் சத்தம் நிற்கும்வரை அவர் குனியவில்லை.

அந்த வசந்தத்தில், ரொறொன்ரோவுக்கு வெளியே இருக்கும் விட்பிக்கு வீடு மாறினோம். அந்த வீட்டில் இனி இருக்க ஏலாது என்று கணவர் சொன்னார். புதுக் குடியிருப்பு, புது மரம், பெயின்ற் மணம் போகாத சுவர். மகன் ஒரு நாளும் கால் வைக்காத வீடு. அங்கே வந்த இரண்டாவது கிழமை, பட்டப்பகலில், நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது படியில் அவன் இறங்குகிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு படியும் பாரத்தில் முனகி நிமிர்கிற சத்தம். புது மரம் காய்கிறது, அப்படித்தான் சத்தம் போடும் என்று வீடு கட்டினவர்கள் சொன்னார்கள். கணவரிடம் நான் இதைச் சொல்லவில்லை. ஒரு நாள் அவராகவே, தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டு, "உந்தப் படிச் சத்தம் உனக்கும் கேக்கிறதோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். அதோடு விட்டுவிட்டோம். அதற்குப் பிறகு படியில் சத்தம் வந்தால் இரண்டு பேரும் பேச்சை நிறுத்துவோம். முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து பேசுவோம்.

அந்தக் கோடையில் ஒரு போன் வந்தது. மட்டக்களப்புப் பக்கத்துப் பெண். மோர்னிங்சைட்டில் எங்கள் பழைய தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கிறாள். பேக்கரியில் வேலை. ஜமேய்க்காக்காரிதான் என் நம்பரைக் கொடுத்திருக்கிறாள்.

"அக்கா, கேக்கக் கூடாதத கேக்கிறன். கோவிக்காதீங்க," என்றாள். "அந்தக் கோச் என்ட மகனக் கேக்கிறார். நீங்க சொன்னாத்தான் நான் அனுப்புவன். வேணாம் எண்டு சொன்னீங்களெண்டா ஏன் எண்டும் கேக்கமாட்டன்."

போனைக் காதில் வைத்தபடி நான் கதிரையைத் தேடி உட்கார்ந்தேன். வேண்டாம் என்ற சொல் வாய்க்குள் வந்து நின்றது. அதைச் சொன்னால் யாரும் என்னைப் பிழை சொல்லமாட்டார்கள். ஆனால் எதைப் பற்றி நான் வேண்டாம் என்று சொல்வது? பிள்ளை மூன்று வருடம் உண்டு உறங்கின இடத்தை நான் கண்ணாலும் கண்டதில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் லப்டொப்பில் ஒரு பச்சைச் சதுரம்.

"நான் அந்த இடத்தை இன்னும் பாக்கேல்லை, தங்கச்சி," என்றேன். "வாரும், ரெண்டு பேருமாப் போய்ப் பாப்பம். பாத்துப்போட்டுச் சொல்லுறன்."

கணவர் வரவில்லை. "நீ போ. நான் அந்தப் பக்கம் தலை வைச்சும் படுக்கமாட்டன்," என்றார். ஆனால் என் பையில் தடித்த காலுறைகளை அவர்தான் எடுத்து வைத்தார்.

ஒக்ரோபரில் விமானத்தில் போனோம். கோச் வந்து ஏற்றிக்கொண்டு போனார். ஒரே தெரு, இரண்டு கிறிஸ்தவக் கோவில், மீன் மணம். ஜமேய்க்காக்காரி சொன்னது சரி, காற்று நிற்கவேயில்லை. மகன் தங்கியிருந்த வீட்டைக் காட்டினார். வேறு பெடியன்கள் அங்கே இருந்தார்கள். ஜன்னலில் யாரோ துவாய் காயப்போட்டிருந்தார்கள். நான் உள்ளே போகவில்லை. தேத்தண்ணிக் கடைக்காரி என் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் சொல்லாமலே, "நீங்கள் அந்தப் பெரிய பையனின் அம்மா," என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அவன் உங்களைப் போலத்தான் கதவைப் பிடிப்பான், பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்து," என்றாள். அப்படி நான் கதவைப் பிடிக்கிறேன் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மத்தியானம் விளையாட்டு. மைதானத்துக்குக் கிட்ட, கீழ்ப்படியில் எங்களுக்கு இடம் வைத்திருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் கம்பளிக்குள் ஒடுங்கிக்கொண்டு இருந்தோம். பெடியன்கள் வரிசையாகக் குனிந்தார்கள், மகன் குனிந்ததைப் போலவே ஒரு கையை நிலத்தில் ஊன்றி, மற்றக் கையை முழங்காலில் மடித்து. ஒரே ஆள் பழக்கினால் எல்லோரும் ஒரே மாதிரித்தான் குனிவார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வரிசையில் அவனைத் தேடினேன்.

அப்போது வரிசையின் நடுவிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஈடம்! ஈடம்!"

வரிசை முழுக்க ஒரு பக்கம் சாய்ந்து பாய்ந்தது.

எனக்கு இப்படிச் சத்தங்கள் கேட்பது புதிதில்லை. விட்பி வீட்டில் கேட்டது இங்கேயும் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கம்பளியை இழுத்து மூடிக்கொண்டேன். திரும்பவும் குனிந்தார்கள். திரும்பவும் கத்தினார்கள். "வாலம்! வாலம்!" ஒருவன் கத்த, பக்கத்தில் நின்றவர்கள் அதையே வாங்கிக் கத்தினார்கள்.

மட்டக்களப்புப் பெண் என் கையைப் பிடித்தாள். அவள் விரல் ஐஸாக இருந்தது.

"அக்கா," என்றாள் மெதுவாக. "இவங்க தமிழா கதைக்காங்க?"

"உமக்கும் கேக்கிறதோ?" என்றேன்.

"கேக்குதே அக்கா. இடம் வலம் எண்டுதானே சொல்றாங்க."

அந்த நேரம்தான் நான் அழுதேன். செத்தவீட்டில் அழுதது வேறு. இது எனக்கு மட்டும் கேட்கவில்லை என்ற நிம்மதியில் வந்த அழுகை. அவள் என்னைத் தன் தோளோடு சாய்த்துக்கொண்டு விளையாட்டைப் பார்த்தாள்.

முடிந்த பிறகு கோச் சொன்னார். முன்வரிசைக்காரர்கள் எந்தப் பக்கம் தள்ளுவது என்று தங்களுக்குள் கத்திச் சொல்ல வேண்டும், எதிராளிக்கு விளங்கக்கூடாது. முன்னர் ஏதோ இலக்கங்களை வைத்திருந்தார்கள். மகன் வந்த இரண்டாம் வருடம் அந்தச் சொற்களைக் கொடுத்தான். கார் ஓடப் பழக்கும்போது தகப்பன் அப்படித்தான் தனக்குச் சொல்வார் என்றானாம். "உங்களுக்கு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை," என்றார் கோச். "போன ஜனவரி சொல்லத்தான் வந்தேன். சொல்லாமல் போய்விட்டேன்."

நடுவில் நின்று கத்தினவனைக் கூப்பிட்டார். செம்பட்டை முடி, அந்தப் பக்கத்து மீன்பிடி ஊர்ப் பிள்ளை. மகன் போன பிறகு வந்து சேர்ந்தவன். என் மகனை ஒரு நாளும் கண்டதில்லை. அந்தச் சொற்கள் என்ன என்று கேட்டேன்.

"ஒன்று இந்தப் பக்கம், மற்றது அந்தப் பக்கம்," என்று கையைக் காட்டினான். "நாங்கள் அப்படித்தான் சொல்வோம். யாரோ இட்டுக்கட்டின சொல் என்று நினைத்தேன்."

"ஒரு தடவை சொல்லிக் காட்டு," என்றேன்.

"வாலம். ஈடம்."

வலம், இடம் என்று திருத்த வாயெடுத்தேன். எடுத்துவிட்டு நிறுத்தினேன். என் மகன் அப்படித்தான் சொல்வான். கனடாவில் பிறந்த பிள்ளை. தகப்பன் எத்தனை தடவை திருத்தியும் இழுத்து இழுத்து அப்படித்தான் சொல்வான். ஒருவன் வாயிலிருந்து அடுத்தவன் வாய்க்குப் போய், அவனைத் தெரியாத ஒரு பிள்ளையிடம் அவனுடைய பிழை அப்படியே இருந்தது. செம்பட்டைத் தலைப் பெடியன் நான் ஏதோ சொல்வேன் என்று காத்துக்கொண்டு நின்றான். நல்லாச் சொன்னாய் என்றேன்.

அடுத்த நாள் விமான நிலையத்தில் மட்டக்களப்புப் பெண் கேட்கவில்லை. கேட்கமாட்டாள் என்று தெரிந்ததால் நானே சொன்னேன்.

"இடம் நல்ல இடம். மனிசரும் நல்ல மனிசர். அனுப்புமன். ஆனா றோட்டாலை மட்டும் விடாதேயும். நத்தாருக்கு வந்தாலும் பிளேனிலை வரச் சொல்லும்."

அவள் தலையாட்டினாள். "நீங்க அவனக் கூப்பிட்டுச் சொல்லுங்க அக்கா. நான் சொன்னாக் கேக்கமாட்டான்," என்றாள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டு இருந்தார். வந்த சனிக்கிழமை, பிள்ளை போன பிறகு முதல் தடவையாக, அவரே லப்டொப்பைத் திறந்தார். சத்தத்தை முழுக்கக் கூட்டி, காதை அதன் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருந்தார். வர்ணனைக்காரரின் குரலும் காற்றும்தான் கேட்டன. ஒவ்வொரு கிழமையும் அப்படி இருந்தார். ஒரே ஒரு தடவை, ஏதோ ஒரு இடைவெளியில், தெளிவில்லாமல் ஒரு சத்தம் வந்தது. "வலம்," என்று அவர் தானும் சொன்னார், காருக்குள் பக்கத்துச் சீற்றில் இருந்து சொல்வதைப் போல.

மட்டக்களப்புப் பெண்ணின் மகன் அடுத்த செப்டெம்பரில் போனான். போகுமுன் எங்கள் வீட்டுக்கு வந்தான். பிளேன் விசயத்தைச் சொன்னேன். "ஐ நோ, அன்ரி. அம்மா பத்துத் தரம் சொல்லிட்டா," என்றான்.

போன நத்தாருக்குப் பிளேனில் வந்தான். திரும்புகிறபோது தாய்க்கு வேலை. என் கணவர் தானே ஏற்றிப்போகிறேன் என்றார். வெளிக்கிடுமுன் எங்கள் மேசையில் இருந்து சாப்பிட்டபடி, ஒரு செய்தியைச் சொல்லலாமா விடலாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னான்.

"அன்ரி, நாங்கள் அந்த வேர்ட்ஸை மாத்திட்டம். மற்ற ரீமிலை ஒரு தமிழ்ப் பெடியன். ஸ்காபரோதான். நாங்கள் இடமெண்டு சொல்லச் சொல்ல அவன் தங்கட ஆக்களுக்குக் காட்டிக் குடுத்திட்டான். ஃபுல் கேமும் எங்களை அடிச்சுப்போட்டாங்கள்."

என் கணவர் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டு வருடங்களாகியிருந்தன. "எங்கட ஆளே காட்டிக் குடுத்திட்டானோ," என்றார். பிறகு கேட்டார், "அப்ப இப்ப என்ன சொல்லுறியள்?"

"பிரெஞ்சிலை ஏதோ, அங்கிள். ஒரு பெடியன்ர வீட்டிலை சொல்லுற சொல்லு."

கணவர் தலையாட்டிக்கொண்டு கார்ச் சாவியை எடுத்தார்.

விமான நிலையத்திலிருந்து அவர் திரும்பி வரப் பிந்தியது. றோட்டு நெருக்கம் என்று நினைத்தேன். வந்து சப்பாத்தைக் கழற்றும்போது சொன்னார்.

"மோர்னிங்சைட் எக்ஸிட்டிலை இறங்கிட்டன். நினைச்சு இறங்கேல்லை. பாத்தா பழைய வீட்டுக்கு முன்னாலை நிக்கிறன். ஆரோ ஒரு மனிசி வெளியிலை வந்து, ஆரைத் தேடுறியள் எண்டு கேட்டா."

"என்ன சொன்னீங்கள்?"

"ஒருத்தரையும் இல்லை எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் போன் அடித்தது. பத்திரமாக இறங்கிவிட்டேன் என்று அந்தப் பிள்ளை செய்தி அனுப்பியிருந்தான். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசித்தார். பிறகு போனை என்னிடம் நீட்டி, சரியாகத்தான் வாசித்தேனா பார் என்றார்.